லான்சரோட்டேயில் ஒரு வாரம்: முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கும் எரிமலைப் பித்துள்ள மகனுக்கும் ஒத்துவரும் திட்டம் வேண்டும்

நெல்லிமரம்:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் இறுதியில் பிரிட்டன் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் வாரத்தில், ஸ்பெயினைச் சேர்ந்த கானரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேவுக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நானும் கணவரும், பதினோரு வயது மகனும், எழுபதைக் கடந்த என் தாயாரும் செல்கிறோம். மகனுக்கு எரிமலை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தாயாருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் படிகள் ஆகாது. சமதரையில் மெதுவாக நடப்பார். சுத்த சைவம் வேறு.

விமானச் சீட்டு எடுத்தாயிற்று; தங்குமிடம் இன்னும் முடிவாகவில்லை. தெற்கே பிளாயா பிளாங்கா, நடுவில் புவெர்டோ டெல் கார்மென், கிழக்கே கோஸ்டா தெகிசே என்று மூன்று ஊர்களைச் சொல்கிறார்கள். எதில் தங்கினால் அலைச்சல் குறையும்? கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? 2021-இல் அதே தீவுக்கூட்டத்தில் உள்ள லா பால்மாத் தீவில் எரிமலை வெடித்த காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, "எரிகிற மலைக்கு ஏன் வலியப் போக வேண்டும்?" என்று தாயார் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். அவருக்குச் சொல்ல நம்பகமான பதிலும் தேவை.

வழிப்போக்கன்:

வணக்கம் சகோதரி. தங்குமிடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தீவின் பரப்பு 846 சதுர கிலோமீட்டர்தான். தென்கோடியிலிருந்து வடகோடி ஓர்சோலாவுக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே எங்கே தங்கினாலும் எதுவும் எட்டாத தூரத்தில் இல்லை. ஆனால் நீங்கள் பார்க்க விரும்பும் இடங்கள் வடக்கிலும் மேற்கிலும் இரண்டாகப் பிரிந்து கிடப்பதால், நடுவில் இருக்கும் புவெர்டோ டெல் கார்மெனே வசதியானது. விமான நிலையத்திலிருந்து கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். கடற்கரையை ஒட்டி நெடுந்தூரம் நடைபாதை இருப்பதால் தாயாருக்கு மாலை நடைக்கும் குறைவிருக்காது. அவ்வூரின் பழைய துறைமுகப் பக்கம் மட்டும் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். விடுதியிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் எத்தனை படிகள் என்று முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். "கடலைப் பார்த்த அறை" என்று விளம்பரம் செய்யப்படும் பல குடியிருப்புகள் மேட்டில்தான் இருக்கின்றன.

பிளாயா பிளாங்கா வெயிலுக்கும் குளியலுக்கும் நல்ல ஊர். அங்கிருந்து ஃபுவெர்டெவெந்துராத் தீவுக்குக் கப்பலும் உண்டு. ஆனால் வடக்கே போகும் ஒவ்வொரு நாளும் தீவை முழுதாகக் கடக்க வேண்டியிருக்கும். கோஸ்டா தெகிசேயில் காற்று அதிகம். பாய்மரப் பலகை விளையாட்டுக்காரர்கள் அதற்காகவே அங்கே வருகிறார்கள். வயதானவருக்கு அந்தக் காற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது கார். தீவில் ரயில் கிடையாது. பேருந்துகள் பெரிய ஊர்களையும் விமான நிலையத்தையும் நன்றாகவே இணைக்கின்றன. ஆனால் எரிமலைப் பூங்காவுக்குள்ளும் குகைகளுக்கும் அவற்றை நம்பிப் போக முடியாது. நான்கு பேருக்குச் சுற்றுலா நிறுவனத்தின் பேருந்துப் பயணத்தை இரண்டு முறை வாங்கும் செலவில் பல நாட்களுக்குக் கார் எடுத்துவிடலாம். வண்டி வலப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும் என்றாலும், சாலைகள் தரமானவை, நெரிசலும் குறைவு.

கடலோடி:

விமானச் சீட்டை மாற்ற வழியிருந்தால் கானரித் தீவுகளில் இன்னொன்றான தெனெரிஃபேவை ஒருமுறை யோசித்துப் பாருங்கள் என்பேன். லான்சரோட்டேயில் எங்கு திரும்பினாலும் கருங்கல்லும் கரிநிறச் சரளையும்தான். காடு இல்லை, அருவி இல்லை, மழையே அபூர்வம். இரண்டாம் நாளுக்குமேல் கண்ணுக்குச் சலிப்புத் தட்டிவிடும். தெனெரிஃபேயில் 3,715 மீட்டர் உயரத்தில் தெய்டே எரிமலை நிற்கிறது. கம்பி வண்டியில் 3,555 மீட்டர் வரை உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். வடபகுதியில் மழைமேகம் தழுவும் லாரல் காடுகள் உண்டு. ஒரே தீவில் மலையும் காடும் கடலும் கிடைக்கும்போது, ஏன் மொட்டைப் பாறைக்குப் போக வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லான்சரோட்டேயின் புகழ்பெற்ற திமன்ஃபாயாப் பூங்காவில் எரிமலைகளுக்கு நடுவே இறங்கி நடக்கவே விடுவதில்லை. அவர்களுடைய பேருந்தில் ஏற்றி, ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். எரிமலைப் பித்துள்ள பையனுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருக்கும்.

பாறைமொழி:

நான் புவியியல் கற்பிப்பவன் என்பதால் இந்த இழையில் இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. கடலோடி தெய்டேயைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆயினும் இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ள முதியவர்களை 3,555 மீட்டருக்குத் திடீரென்று ஏற்றுவது நல்லதல்ல. அதைவிட முக்கியமானது, லான்சரோட்டேயில் பார்க்க வேண்டியது ஒரு மலையை அல்ல என்பது. ஒரு பேரழிவு எப்படி நடந்தது, அதன்மேல் மக்கள் எப்படி வாழக் கற்றார்கள் என்ற முழுக் கதையையும் ஒரே நாளில் கண்ணால் வாசிக்கக்கூடிய நிலம் அது.

1730 செப்டம்பர் 1-ஆம் தேதி இரவில் திமன்ஃபாயா ஊருக்கு அருகே பூமி பிளந்தது. யைசா ஊரின் பாதிரியார் அந்திரேஸ் லொரென்சோ குர்பெலோ தான் கண்டதை நாட்குறிப்பாக எழுதிவைத்தார். வெடிப்பு அன்றோடு முடியவில்லை. விட்டு விட்டு 1736 ஏப்ரல் வரை, ஆறு ஆண்டுகளுக்கு நெருக்கமாக நீடித்தது. தீவின் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி தீக்குழம்பின் கீழும் சாம்பலின் கீழும் போயிற்று. நல்ல விளைநிலங்களும் பல ஊர்களும் அதில் மறைந்தன. மக்களில் பலர் பக்கத்துத் தீவுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். கடைசி வெடிப்பு 1824-இல், சில மாதங்கள் மட்டும் நடந்தது. அதற்குப் பிறகு இரு நூற்றாண்டுகளாக அங்கே வெடிப்பு இல்லை.

தாயாரின் அச்சத்துக்கு என் பதில் இதுதான். லா பால்மாவில் 2021 செப்டம்பர் 19-இல் தொடங்கிய வெடிப்பு 85 நாட்கள் நீடித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. ஆனால் அது திடீரென்று நேரவில்லை. வெடிப்புக்கு முந்தைய நாட்களில் ஆயிரக்கணக்கான சிறு நிலநடுக்கங்கள் கருவிகளில் பதிவாகின, நிலமும் மேலெழும்பியது. ஸ்பெயினின் தேசியப் புவியியல் நிறுவனம் கானரித் தீவுகள் அனைத்திலும் இத்தகைய அளவீடுகளைத் தொடர்ந்து எடுத்து வருகிறது. லா பால்மாவும் லான்சரோட்டேயும் வெவ்வேறு தீவுகள். இடையில் பல நூறு கிலோமீட்டர் கடல் இருக்கிறது. ஒன்று குமுறினால் மற்றதும் குமுற வேண்டும் என்பதில்லை.

அதற்காகத் திமன்ஃபாயா முழுதாக ஆறிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். இஸ்லோட்டே டெ இலாரியோ என்ற மேட்டில் பூங்கா ஊழியர் ஒருவர் வாரிக் கையில் வைக்கும் சரளையே சுடும். ஆழமில்லாத குழியில் காய்ந்த முட்புதரைக் கவைக்கோலால் தள்ளுவார்கள்; சில நொடிகள் புகைந்துவிட்டு, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொண்டு எரியும். தரையில் பதித்த குழாய்க்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஊழியர் விலகுவார். மறு நொடியே ஆளுயரத்துக்கு மேல் நீராவி சீறும். பதின்மூன்று மீட்டர் ஆழத்தில் வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கிறது. பக்கத்தில் உள்ள உணவகத்தில், கிணறு போன்ற குழியின் வாயில் கம்பி வலையைப் பரப்பி, அந்தச் சூட்டிலேயே இறைச்சி வாட்டுகிறார்கள். தாயாரை அந்தப் பக்கம் அழைத்துப் போக வேண்டாம். மகன் பார்க்கட்டும்.

நெல்லிமரம்:

பாறைமொழி ஐயாவுக்கு மிக்க நன்றி. உங்கள் பதிலைத் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "பாதிரியார் ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதினாரா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டார். எனவே தெனெரிஃபேவுக்கு மாற்றும் பேச்சு இப்போது இல்லை. கடலோடி பொறுத்தருள வேண்டும்.

இனி நுணுக்கமான கேள்விகள். குகைகள், கற்றாழைத் தோட்டம், மலையுச்சிக் காட்சிமாடம் ஆகியவற்றில் தாயாரால் எவற்றைப் பார்க்க முடியும்? சைவ உணவு என்ன கிடைக்கும்? தாயாரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது. எங்களுடையவை பிரிட்டன் கடவுச்சீட்டுகள். அவருக்குத் தனி விசா வேண்டுமா?

மல்லிகைப்பந்தல்:

முழங்கால் வலியுள்ள மாமியாரை அழைத்துக்கொண்டு இதே தீவைச் சுற்றியவள் என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

திமன்ஃபாயாப் பேருந்து கடலோடிக்குக் குறையாகத் தெரிகிறது. உங்கள் தாயாருக்கு அதுவே வரம். 14 கிலோமீட்டர் வளைவுப் பாதையில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடியே எரிமலை வாய்களின் விளிம்பில் போய் வரலாம். வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டிலும் காட்சிகள் மாறி மாறி வருவதால் இருக்கைக்காக முண்டியடிக்கத் தேவையில்லை. மேட்டில் கார் நிறுத்துமிடம் சிறியது. ஒரு கார் வெளியேறினால்தான் அடுத்தது உள்ளே போகும். முற்பகல் பத்து மணிக்குப் பிறகு சாலையிலேயே நீண்ட வரிசை நிற்கும். கதவு திறக்கும் நேரத்துக்குச் சென்றுவிடுங்கள்.

வடக்கே உள்ள இரண்டு குகைகளும் ஒரே எரிமலைக் குழாயின் பகுதிகள். கொரோனா எரிமலையிலிருந்து ஓடிய குழம்பின் மேற்பரப்பு இறுகி, உள்ளே ஓடியது வடிந்துபோனதால் உண்டான நீண்ட சுரங்கம் அது. கடலுக்கு அடியிலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. குவேவா டெ லோஸ் வெர்டெஸ் குகையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. குறுகிய இடங்களில் குனிய வேண்டும், படிகளும் உண்டு. தாயாருக்கு வேண்டாம். உங்களில் ஒருவர் மகனை அழைத்துப் போங்கள். கடற்கொள்ளையர் வந்தபோது ஊர்மக்கள் ஒளிந்துகொண்ட இடம் அது. நடையின் முடிவில் வழிகாட்டி ஒரு வியப்பைக் காட்டுவார். அது என்ன என்று இங்கே யாரும் எழுதிவிட வேண்டாம், மகனுக்காகக் கேட்டுக்கொள்கிறேன்.

அருகிலேயே உள்ள ஹமேயோஸ் டெல் அகுவாவில் கீழே இறங்கப் படிகள் உண்டு. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்க முடிந்தால் இறங்கலாம். மாமியார் மேலேயே அமர்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டார். உள்ளே ஒரு உப்புநீர்க் குளம். அதன் கரும்பாறைத் தரையில் அரிசி சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். குனிந்து உற்றுப் பார்த்தால் அவை நகரும். ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள கண்ணில்லா நண்டுகள். நாணயம் எறியாதீர்கள் என்று அங்கே எழுதியிருப்பதை மகனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உலோகம் அரித்து நீரில் கலந்தால் அவை மடிந்துவிடும்.

ஹமேயோஸ் உட்பட இத்தீவின் பல இடங்களை வடிவமைத்தவர் செசார் மன்ரிக்கே என்ற ஓவியர். தீவின் தலைநகரான அரெசிஃபேயில் 1919-இல் பிறந்தவர். சாலையோர விளம்பரப் பலகைகளும் உயரமான கட்டடங்களும் தன் தீவுக்கு வேண்டாம் என்று அவர் போராடியதன் பலனை நீங்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே காண்பீர்கள். வெள்ளைச் சுவர், பச்சை அல்லது நீல மரவேலை, ஒன்றிரண்டு மாடி, அவ்வளவுதான் வீடுகள். 1992-இல் ஒரு கார் விபத்தில் அவர் இறந்தார். தாஹிச்சேயில் அவர் வாழ்ந்த வீடு ஐந்து எரிமலைக் குமிழிகளுக்குள் கட்டப்பட்டது. அங்கும் குறுகலான படிகள் இருப்பதால் தாயாரை மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிராடோர் டெல் ரியோ என்ற காட்சிமாடத்துக்குக் கார் வாசல்வரை போகும். ஏறத்தாழ 475 மீட்டர் செங்குத்துப் பாறையின் விளிம்பில், கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்து, எதிரே லா கிராசியோசாத் தீவையும் இடையில் நீலக் கடலையும் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம். வெளி மாடியில் காற்று ஆளைத் தள்ளும். தாயாருக்குக் கம்பளிச் சால்வை அவசியம். குவாடிசாவில் உள்ள கற்றாழைத் தோட்டம் பழைய சரளைக் குழியில் வட்டரங்கு போல அமைந்திருக்கிறது. மேல் வட்டத்திலிருந்தே தோட்டம் முழுவதும் தெரியும்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம், எச்சரிக்கை வேண்டும். உப்புத் தண்ணீரில் தோலோடு சுருங்க வேகவைத்த சிறு உருளைக்கிழங்கும், அதனுடன் மோஹோ என்ற பச்சை அல்லது சிவப்புச் சட்டினியும் எல்லா இடத்திலும் கிடைக்கும். பூண்டும் மிளகாயும் கொத்தமல்லியும் சேர்ந்த அந்தச் சுவை நம் நாக்குக்கு அந்நியமே இல்லை. ஆட்டுப் பாலாடைக்கட்டி வாட்டித் தருவார்கள். ஆனால் பயறு, காய்கறிக் குழம்பு என்று எழுதியிருந்தாலும் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கலாம். கோஃபியோ என்ற வறுத்த தானிய மாவுக் களியை மீன் சாற்றில் கிளறுவது வழக்கம். "இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்" என்பதை ஸ்பானிய மொழியில் எழுதி ஒரு சீட்டில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். சமையலறை உள்ள குடியிருப்பாக எடுத்தால் காலை உணவையும் இரவு உணவையும் வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். குக்கர் மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

கடலோடி:

பேருந்து முதியவருக்கு வரம் என்பதை ஏற்கிறேன். ஆனால் நான் கேட்டது பையனைப் பற்றி. அவன் எரிமலையைக் காலால் மிதிக்காமல் திரும்பிவிடுவானா?

அத்துடன், பூங்காவின் ஓரத்தில் ஒட்டகச் சவாரி நடக்கிறது. இரு பக்கமும் நாற்காலி கட்டி, வரிசையாகச் சரிவில் ஏற்றுகிறார்கள். ஒரு காலத்தில் உழவுக்கும் சுமைக்கும் பயன்பட்ட விலங்குகள்தான் என்றாலும், வெயிலில் நாள் முழுக்க ஆள் சுமப்பதைக் காண எனக்கு மனம் ஒப்பவில்லை. குலுக்கலும் அதிகம்; முழங்கால், இடுப்பு வலியுள்ளவரை ஏற்றவே கூடாது.

பாறைமொழி:

மிதிப்பதற்கு இடம் இருக்கிறது. திமன்ஃபாயா 1974-இல் தேசியப் பூங்கா ஆனது. அதற்குள் பெரும்பாலும் வழிகாட்டியோடு செல்லும் நடைகளே அனுமதிக்கப்படுகின்றன. அவற்றுக்கு முன்பதிவும் வேண்டும், சிறுவர்களுக்கு உள்ள வயது வரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எரிமலைகள் பூங்காவின் எல்லையோடு நின்றுவிடவில்லை. மாஞ்சா பிளாங்கா சாலையில் உள்ள குவெர்வோ எரிமலைக்குத் தனியே நடந்து போகலாம். 1730-இல் முதலில் திறந்த வாய்களில் ஒன்று அது. கிட்டத்தட்ட சமதரைப் பாதை. ஒரு பக்கம் சரிந்து திறந்திருப்பதால் எரிமலை வாயின் உள்ளேயே நின்று சுற்றிலும் பார்க்கலாம். சுவர்களில் துருச் சிவப்பு, கந்தக மஞ்சள், சாம்பல் என்று அடுக்கடுக்காக நிறம் தெரியும். பாறைகளின்மேல் வெள்ளியாகப் படர்ந்திருக்கும் கற்பாசியை மகனுக்குக் காட்டுங்கள். கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளில் அந்தக் குழம்பின்மேல் உயிர் எடுத்துவைத்த முதல் அடி அதுதான். பாதையை விட்டு விலகக் கூடாது, கல் எடுக்கக் கூடாது.

அவன் இன்னும் கேட்டால் கணவர் கால்தெராப் பிளாங்காவுக்கு அழைத்துச் செல்லட்டும். ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் விட்டமுள்ள எரிமலை வாய் அது. அரைநாள் ஆகும், நிழல் ஒரு முழம் கூடக் கிடையாது. கரடுமுரடான குழம்புப் பாறை செருப்பைக் கிழிக்கும். உறுதியான காலணி போடுங்கள்.

ஒரு மதிய வேளையை லா ஹெரியாவுக்கு ஒதுக்குங்கள். "கருஞ்சரளைதான்" என்று கடலோடி சொன்ன அதே சரளையில் திராட்சை விளைகிறது. மண்ணை மூடிய சாம்பல் அடுக்கைத் தோண்டி, இரண்டு மூன்று மீட்டர் ஆழக் குழி எடுத்து, அடியில் புதைந்த பழைய மண்ணில் கொடியை நட்டார்கள். குழியைச் சுற்றி அரைவட்டக் கற்சுவர், வடகிழக்கிலிருந்து அடிக்கும் வியாபாரக் காற்றைத் தடுக்க. நுண்துளைகள் நிறைந்த சரளை இரவின் பனியீரத்தை உள்ளே விட்டுப் பகல் வெயிலில் ஆவியாகாமல் காக்கிறது. ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் மழைகூட எட்டாத நிலத்தில், பாசனம் இல்லாமல், குழிக்கு ஒரு கொடி என்று ஆயிரக்கணக்கான குழிகள். டிராக்டர் நுழைய வழியில்லாததால் அறுவடை முழுவதும் கையால்தான். நீங்கள் போகும்போது அறுவடை முடிந்திருக்கும், ஆனால் குழிகளும் சுவர்களும் சாலையிலிருந்தே தெரியும். தாயார் காரை விட்டு இறங்கக்கூட வேண்டாம்.

மாஞ்சா பிளாங்காவில் டொலோரெஸ் மாதா கோயில் ஒன்று இருக்கிறது. தீக்குழம்பு ஊரை நெருங்கியபோது மாதாவின் உருவத்தைச் சுமந்து சென்று வேண்டியதும் அது நின்றது என்பது ஊர் நம்பிக்கை. செப்டம்பரில் தீவு முழுவதிலுமிருந்து நடந்தே வருகிறார்கள். உங்கள் தாயாருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

வழிப்போக்கன்:

விசா கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கானரித் தீவுகள், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள்தான் அடங்கும். பிரிட்டன் கடவுச்சீட்டுக்கு எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை விசா வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு, பிரிட்டனில் நிரந்தரமாக வசித்தாலும், ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஸ்பெயினுக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, தங்குமிட முன்பதிவு, திரும்பி வரும் சீட்டு ஆகியவை வேண்டும். விடுமுறைக் காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. தங்குமிடத்தை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்து, முதலில் இந்த வேலையை முடியுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

கார் எடுக்கும்போது காப்பீட்டு ஒப்பந்தத்தில் மண்சாலை பற்றிய வரியைப் படியுங்கள். பபகாயோக் கடற்கரைகளுக்குப் போகும் பாதை மண்பாதை. அங்கே சேதம் நேர்ந்தால் பல ஒப்பந்தங்களில் காப்பீடு செல்லாது. வைப்புத்தொகை கார்டில் பிடித்துவைக்கப்படும் என்பதால், ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கட்டும்.

வானிலையைப் பொறுத்தவரை அக்டோபர் இறுதி நல்ல தேர்வு. கோடையின் பலத்த காற்று தணிந்திருக்கும். கடல்நீர் 22 டிகிரிக்கு அருகில் இருக்கும். சகாராவிலிருந்து தூசிக் காற்று வீசும் நாட்கள் மட்டும் திடீரென்று வரும். அன்று வானம் பழுப்பாகிவிடும், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது. ஃபமாராக் கடற்கரை கண்ணுக்கு அழகு, குளிக்க ஆபத்து. இழுப்பு நீரோட்டம் வலுவானது.

நெல்லிமரம்:

விசா நேர்காணலுக்கு இன்று காலையே பதிவு செய்துவிட்டேன். புவெர்டோ டெல் கார்மெனில் தரைத்தளக் குடியிருப்பு ஒன்று, சமையலறையோடு, ரத்து செய்யும் வசதியோடு கிடைத்தது. வாசலில் ஒரே ஒரு படி என்று உரிமையாளர் படம் எடுத்து அனுப்பினார்.

திட்டம் இப்போது இப்படி நிற்கிறது. முதல் முழு நாளில் எங்கும் போகாமல் கடற்கரை. மறுநாள் அதிகாலையில் திமன்ஃபாயா, திரும்பும் வழியில் மாதா கோயிலும் லா ஹெரியாவும். இன்னொரு நாள் கணவரும் மகனும் குவெர்வோவுக்குப் போக, நானும் தாயாரும் வீட்டில். பிறகு வடக்கே ஹமேயோஸ், காட்சிமாடம், கற்றாழைத் தோட்டம். குகைக்கு மகனோடு நான் போகிறேன், கணவர் தாயாருடன் இருப்பார். ஒரு நாளைத் தூசிக் காற்றுக்காகக் காலியாக வைத்திருக்கிறோம்.

மீதமிருப்பது ஒரு நாள். லா கிராசியோசாவுக்குப் படகில் போவதா, தெகிசேயின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கா, தெற்கே எல் கோல்ஃபோவின் பச்சைக் குளத்துக்கா?

மல்லிகைப்பந்தல்:

தாயாரை வைத்துக்கொண்டு லா கிராசியோசா வேண்டாம். ஓர்சோலாவிலிருந்து அரை மணி நேரம்தான். ஆனால் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் பாறைமுனையில் படகு நன்றாகக் குதிக்கும், இறங்கிய பிறகு தார்ச்சாலையும் கிடையாது. ஞாயிற்றுச் சந்தையில் நெரிசல் அதிகம். தெகிசே பழைய தலைநகரம், மற்ற நாட்களில் வெறிச்சோடிய கல் தெருக்களோடு இன்னும் அழகாக இருக்கும்.

தெற்கையே எடுங்கள். எல் கோல்ஃபோவில் குளம் தெரியும் மேட்டுக்குச் சிறிய ஏற்றம் உண்டு. தாயாரால் முடியாவிட்டால் ஊரில் கடலோர இருக்கையில் அமரலாம். அங்கிருந்து சில நிமிடத்தில் லோஸ் எர்விதெரோஸ். குழம்பு கடலில் விழுந்து உறைந்த பாறைக் குடைவுகளுக்குள் அலை புகுந்து பொங்கும். இன்னும் சற்றுத் தள்ளி ஹனுபியோ உப்பளங்கள். சாலையோரத்திலிருந்தே பாத்திகள் முழுவதும் தெரியும். பக்கத்திலேயே உப்பும் விற்கிறார்கள். மாலை வெயில் சாய்ந்த பிறகு போனால் பாத்திகளில் நிறம் ஏறியிருக்கும்.